முதல் கைத் தண்ணீர்

கோரைக்குடி ஊருக்கே முப்பத்தெட்டு வருஷம் தண்ணீர் அளந்துவிட்டவர் ஐயாவு. அவருக்கு இப்போது அவர் பெண்சாதி காளியம்மாள் தண்ணீர் அளந்து கொடுக்கிறாள். கலர் குடித்துவிட்டுப் போட்ட பெரிய பாட்டில் ஒன்றில் முக்கால் லிட்டர் மட்டத்துக்குக் கறுப்பு நூல் கட்டியிருக்கிறாள். விடிந்ததும் அந்த நூல் வரைக்கும் நிரப்பி ஜன்னல் கட்டையில் வைத்துவிடுவாள். மாத்திரை விழுங்க, டீ போட, தொண்டை காய்ந்தால் நனைத்துக்கொள்ள எல்லாம் அதற்குள்தான். மறுநாள் விடிகிற வரை வேறு சொட்டுக் கிடையாது. கடைமடைக்காரன் வாய்க்காலைப் பார்ப்பதுபோல ஐயாவு கட்டிலில் கிடந்தபடி அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கிண்டல் பண்ணுவதற்குக் கடவுளுக்கு வேறு ஆள் அகப்படவில்லை போலிருக்கிறது.

குடமுருட்டி ஆற்றிலிருந்து பிரிந்து வருகிற வாய்க்கால் எங்கள் ஊர் எல்லையைத் தொடும் இடத்தில் தலைமதகு. அங்கே தொடங்கி நூற்றுப்பத்து ஏக்கருக்கும் மண்வெட்டியோடு நடந்து, யார் வயலுக்கு எப்போது, எவ்வளவு என்று மடையைத் திறந்து அடைப்பது அவர் வேலை. அவருக்கு அளவுகோல் இடது கால்தான். வயலில் இறங்கி, தண்ணீர் கணுக்கால் மொளியைத் தொடுகிற வரை நிற்பார். "மொளி நனைஞ்சாப் போதும், பயிரு குடிச்சுக்கும்" என்று சொல்லி மடையை அடைப்பார். மழையானாலும் இருட்டானாலும் அந்தக் கணுக்காலுக்குத் தெரியாத தண்ணீர் கோரைக்குடியில் இருந்ததில்லை.

அந்தக் கால்தான் முதலில் அவரை ஏமாற்றியது. சர்க்கரை பதினைந்து வருஷமாக உடம்பில் இருந்தது. பாதம் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப்போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் கட்டுகிறவனுக்குக் கால் மரத்துவிட்டது என்று தெரிந்தால் ஊர் சும்மா இருக்குமா? இதற்குள் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் தஞ்சாவூர் போய் நாலு மணி நேரம் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வரும்படி ஆனது. மற்ற நாட்களில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். போன சம்பாவில் பெரிய நிலக்காரர் பஞ்சநதத்தின் நாற்றங்காலில் முழங்கால் தண்ணீர் நின்று நாற்று அழுகிப்போனது. எலி வளை வழியாகத் தண்ணீர் ஏறிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தார். பிறகு மார்கழியில் ஒரு நாள் நத்தை ஓடு உள்ளங்காலில் ஏறியது. மூன்று நாள் அதோடு நடந்திருக்கிறார். பாயில் சீழ் பட்டிருப்பதைக் காளியம்மாள் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. தை பிறந்து ஏழாம் நாள், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சர்க்கரை உடம்பு, புண் ஆற சித்திரை ஆகிவிட்டது. செயற்கைக் காலுக்கு அளவெடுத்துப் போயிருந்தார்கள், இன்னும் வரவில்லை. கால் இருந்தபோது முள் குத்தினாலும் தெரியாது, கால் போன பிறகு எல்லாம் தெரிந்தது.

"புள்ள, கட்டெறும்பு ஊருது."

"எங்க மாமா?"

"இடது பாதத்துல. பெருவெரலுக்கும் அடுத்த வெரலுக்கும் நடுவுல."

முதல் தடவை காளியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு பழகிவிட்டது. பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் போர்வையை நகத்தால் சொறிந்து விடுவாள்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் மேல. ம், போயிடுச்சு."

இதற்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரை எழுதித் தந்திருந்தார்கள். காளியம்மாளுடைய நகம் அதைவிட நன்றாகக் கேட்டது.

தண்ணீர் விஷயத்தில் அவள் ஒரே ஒரு தடவைதான் தவறினாள். சித்திரை வெயிலில் ஐயாவு உள்ளே எரிகிறது, எரிகிறது என்று துடித்தார். பாட்டிலில் நூல் தாண்டாமல், தினமும் காலையில் ஒரு கும்பா நீராகாரம் கொடுத்தாள். நாலு நாளில் முகம் வீங்கி, எடை ஐந்து கிலோ ஏறிவிட்டது. டயாலிசிஸ் பார்க்கிற நர்ஸ் ஹமீதா பானு தராசைப் பார்த்துவிட்டுக் காளியம்மாளைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா குடுத்தீங்க?"

"நூலைத் தாண்டலம்மா. மாரியாத்தா சத்தியமா."

"வேற ஏதாவது?"

"வேற என்ன, காலையில பழைய சோறு."

"தண்ணியோடயா?"

"தண்ணி இல்லாமப் பழைய சோறு ஏதும்மா?"

"அப்ப அது தண்ணிம்மா."

"அது சோறும்மா," என்றாள் காளியம்மாள். அவள் பொய் சொல்லவில்லை. பாட்டன் காலத்திலிருந்து அதைக் குடித்துவிட்டு நடவுக்கும் அறுப்புக்கும் இறங்கிய சனம். அதைத் தண்ணீர் என்று ஒப்புக்கொண்டால், அத்தனை காலமும் பசியாறியது தண்ணீரில்தான் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். ஹமீதா பானு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றோடு அந்த வீட்டில் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பது நின்றது. அவர் கண்ணெதிரே தானும் தண்ணீர் குடிப்பதில்லை என்று காளியம்மாள் வைத்துக்கொண்டாள்.

இனி முதல் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐயாவுடைய அப்பா காத்தான்தான் அந்தக் காலத்தில் தண்ணீர் கட்டினவர். கழகம் முதல் தடவை ஆட்சிக்கு வந்து ஒரு வருஷம் கழித்து நடந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் செங்கொடிக்காரர்களோடு எங்கள் தெரு ஆட்கள் பேச ஆரம்பித்திருந்த சமயம். எங்கள் ஆட்கள் தலைமதகில் மண்ணை வெட்டலாம், சேற்றில் நிற்கலாம், நிலத்துக்காரரான மிராசு வந்து பூப்போட்டுக் கும்பிடுகிற வரை தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது. காத்தான் விடிந்ததிலிருந்து வாய்க்காலில் மண் அடைசல் வெட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் வந்தது. தாகத்தில் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டார். மதகுக் கட்டையிலேயே கட்டிவைத்து அடித்தார்கள். மறுநாள் தெருவில் ஒரு ஆள் வேலைக்குப் போகவில்லை. பதினோரு நாள், நாற்று முற்றிப்போனது. கடைசியில் பேச்சுவார்த்தையில் கூலிக்கு அரை மரக்கால் கூடியது. கூடவே, ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் வந்ததும் அடிபட்ட ஆள்தான் முதல் கை அள்ளிக் குடிக்க வேண்டும், அதன் பிறகே மதகு திறக்க வேண்டும் என்றும் முடிவானது.

அந்த அரை மரக்கால் எப்போதோ போய்விட்டது. இப்போது நெல் கூலியே கிடையாது. மிராசு வீட்டில் பாதி நிலம் கைமாறிவிட்டது, தெருமுனையில் கொடிகள் நாலைந்து தடவை மாறிவிட்டன. அந்த ஒரு கைத் தண்ணீர் மட்டும் மாறவில்லை. காத்தானுக்குப் பிறகு ஐயாவு. எங்கள் தெருவுக்குப் பட்டா இல்லாமல் வந்த சொத்து அது ஒன்றுதான்.

இந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கும் மேட்டூரைத் திறக்கவில்லை. குழாயடியில் சாமி கும்பிட்டார்கள். ஆவணி பிறந்துதான் திறந்தார்கள். மந்திரிகள் பூத்தூவியதை இலவச டிவியில் பார்த்தபோது ஐயாவு எழுந்து உட்கார்ந்துகொண்டார். அதற்கு ஐந்தாம் நாள், திங்கட்கிழமை மத்தியானம், காளியம்மாளுடைய தம்பி சாமிதுரை ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது அவன்தான்.

"மச்சான், கல்லணை தாண்டி வந்துக்கிட்டிருக்கு. நாளைக்கு நம்ம தலைமதகுக்கு வந்துடும்ங்கிறாங்க."

"நாளைக்குச் செவ்வாக்கெழமையில்ல," என்றாள் காளியம்மாள்.

ஐயாவு மனசில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. காலையில்தான் பஞ்சநதம் வந்துவிட்டுப் போயிருந்தார். அந்த மிராசுடைய பேரன், பாசனச் சங்கத் தலைவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கால் எடுத்தபோது ஆஸ்பத்திரிக்குப் பழத்தோடு வந்தார், சர்க்கரைக்காரருக்குச் சப்போட்டா.

"ஐயாவு, ஒடம்பப் பாத்துக்க," என்றார் பஞ்சநதம், ஜன்னலுக்கு வெளியே வண்டியிலிருந்து இறங்காமலே. "மதகுல புது ஷட்டர் மாட்டியாச்சு. சக்கரத்தத் திருப்புனாத் தானாத் தெறக்குது. நம்ம டிராக்டர் ஓட்டுற தியாகராசன் பாத்துக்குவான்."

"சரிங்க. முதல் கை?"

"அது எந்தக் காலத்துச் சண்டை. இன்னும் அத எதுக்குச் சொமந்துக்கிட்டு. நீயும் நடக்க முடியாமக் கெடக்குற. ஆள் இருந்தாச் செய்யலாம், ஆளே இல்லாதப்ப விட்ரலாம்னு சங்கத்துல பேசுனோம்."

"ஆள் இருக்குங்க," என்றார் ஐயாவு.

"வந்து நின்னாச் செஞ்சுக்க. நான் ஒண்ணும் தடுக்கல."

ஒரு வருஷம் விட்டால் அவ்வளவுதான், அடுத்த வருஷம் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இது பஞ்சநதத்துக்கும் தெரியும், ஐயாவுக்கும் தெரியும்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரல," என்றார் ஐயாவு சாமிதுரையிடம்.

"என்னது?"

"வெள்ளிக்கெழம போயிக்கலாம். ஒரு தடவதானே."

"ஒரு தடவ விட்டா என்ன ஆகும்னு அந்த நர்சுப் புள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சே மாமா."

"தண்ணி நாளைக்கு வருது. நான் மிஷின்ல படுத்துக் கெடந்தா தியாகராசன் தெறந்துட்டுப் போயிடுவான். எங்கப்பன் முதுகுல இருந்த தழும்ப நீ பாத்திருக்கியா? நான் பாத்திருக்கேன். குளிக்கும்போது நான்தான் தேச்சு விடுவேன்."

காளியம்மாள் அவரை அறிவாள். முரண்டு பிடித்தால் எருமை தோற்றுப்போகும். ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்தாள்.

"அள்ளு."

"எதுக்கு?"

"ஒரு கைன்னா எவ்வளவுன்னு பாக்கணும். குடிக்கத்தானே போற, கணக்குல கழிக்க வேண்டாமா? அள்ளி டம்ளர்ல ஊத்து."

ஐயாவு வலது கையை உள்ளே விட்டு அள்ளி டம்ளரில் ஊற்றினார். தண்ணீர் கையில் பட்டதும் ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்தார். காளியம்மாள் அந்த அளவைப் பாட்டிலில் கழித்துப் பார்த்து, கறுப்பு நூலுக்குக் கீழே வெள்ளை நூல் ஒன்று கட்டினாள். "தண்ணி வர்ற அன்னிக்கு ஒனக்கு இதுதான் மட்டம்," என்றாள். மனசே இல்லாமல்தான் கட்டினாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் சாமிதுரை மச்சானை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய்த் தலைமதகில் பூவரச மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தான். ஐயாவு வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். வேட்டியின் இடதுபக்கம் காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. பொழுது இறங்குகிற வரை தண்ணீர் வரவில்லை. புதன்கிழமை சேதி வந்தது, வாய்க்கால் பிரிகிற இடத்தில் பாலம் கட்டுகிறவர்கள் போட்ட மண்ணை இன்னும் அள்ளவில்லையாம். "இன்னிக்குச் சாயந்தரம் அள்ளிடுவாங்க" என்றார்கள். புதனும் போனது.

வியாழக்கிழமை அவர் முகம் ஊதிவிட்டது. இருக்கிற ஒரு காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது, அப்படியும் தண்ணீர் வராமல் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்றார். காளியம்மாள் தலையணை, மடித்த பாய், அரிசி மூட்டை எல்லாவற்றையும் முதுகுக்குக் கொடுத்து உட்காரவைத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் சாமிதுரை ஆட்டோவைக் கொண்டுவந்தபோது ஐயாவு பேச்சுக்குப் பேச்சு மூச்சு வாங்கினார்.

"மண்ண... அள்ளிட்டாங்களா?"

"நேத்துச் சாயந்தரமே அள்ளியாச்சு மச்சான். இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள வந்துடும்."

"அப்ப மதகுக்கு விடு."

காளியம்மாள் ஆட்டோவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, நான் சொல்றதக் கேளு. ஒன்னரை வருசமா முக்கா லிட்டர் முக்கா லிட்டரா அளந்து ஒன்ன வச்சிருக்கேன். நீ கேட்டு நான் குடுக்காத ஒவ்வொரு வாய்த் தண்ணிக்கும் நான் அடுப்படியில நின்னு அழுதிருக்கேன், ஒனக்குத் தெரியாது. ஒரு கைத் தண்ணிக்காக அம்புட்டையும் கொட்டிப்புடாத."

ஐயாவு கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன், நீ வராத," என்றார்.

"நான் வராம? ஒன்னத் தனியாவா?"

"தொரை இருக்கான். நீ மதகுல இரு. முதல் கைய நீ எடு."

"நானா? பொம்பளையா?"

"எங்கப்பன் ஒரு மாசம் குப்புறக் கெடந்தாரு. பத்துப் போட்டது, பீமூத்திரம் அள்ளுனது எங்கம்மா. அந்த அடியில பாதி அவளோடது. பொம்பள எடுக்கக் கூடாதுன்னு எவன் சொல்லுவான்?"

காளியம்மாளுக்கு ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக அவர் இல்லாமல் ஒரு வெள்ளிக்கிழமை. ஆட்டோ திரும்புகிற வரை பார்த்துவிட்டு, முகம் கழுவி, குங்குமம் வைத்துக்கொண்டு மதகுக்கு நடந்தாள்.

தண்ணீர் வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வந்தது. காய்ந்த சருகு உருளுகிற மாதிரி ஒரு சரசரப்பு. பிறகு நுரையும், பூவரச இலையும், ஒற்றைச் செருப்பும், பாட்டில் மூடிகளுமாக ஒரு பழுப்பு நாக்கு வாய்க்கால் வளைவைத் திரும்பி வந்தது. வெடிப்புக்குள் இறங்கும்போது மண் உஸ்ஸென்றது. கொக்குகள் கூடவே நடந்து வந்தன. பத்திருபது பேர் கூடியிருந்தார்கள். தியாகராசன் ஷட்டர் சக்கரத்தில் கை வைத்துவிட்டுப் பஞ்சநதத்தைப் பார்த்தான். காளியம்மாள் படியில் இறங்கினாள்.

"ஐயாவு வரலியா?" என்றார் பஞ்சநதம்.

"மிஷின்ல இருக்காருங்க. என்னைய எடுக்கச் சொன்னாரு."

"பொம்பளைங்க எடுத்து வழக்கமில்லையே."

"ஆம்பளை எடுத்து வழக்கமானதும் ஒரு நாள்லதானுங்க," என்றாள். படியை விட்டு ஏறவில்லை.

தியாகராசன் சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றான். பஞ்சநதம் அவனையும் கூட்டத்தையும் பார்த்தார். "சரி, எடு. கரை ஒடச்சுக்கப் போவுது," என்றார்.

காளியம்மாள் குனிந்து வலது கையால் அள்ளினாள். வாயில் வைத்தாள். விழுங்க முடியவில்லை. வாய் நிறைய ஆற்றுத் தண்ணீர், தொண்டைக்குள் இறங்க மறுத்தது. ஒன்றரை வருஷமாக ஒரு மடக்கு என்றால் எவ்வளவு, அது எங்கே போய்த் தேங்கும், எங்கே ஊதும் என்று கணக்குப் பார்த்துப் பழகிய தொண்டை. கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஷட்டர் ஏறுகிற சத்தம் கேட்டபோது இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சாமிதுரை ஐயாவுக்கு நம்பர் போட்டுக் கொடுத்திருந்தான்.

"வந்துடுச்சா?" மூச்சு இப்போது கொஞ்சம் சீராக இருந்தது. பின்னால் மிஷின் சத்தம்.

"வந்துடுச்சு மாமா."

"குடிச்சியா?"

"குடிச்சேன்."

"எப்படி இருக்கு?"

"புழுதி வாசம். வைக்கோல் ஊறுன மாதிரி இருக்கு."

"ஆமா, அப்படித்தான் இருக்கும். போனத் தண்ணிகிட்டப் புடி."

அவள் போனைத் தண்ணீருக்குச் சமீபமாகப் பிடித்தாள். ஷட்டருக்கு அடியில் தண்ணீர் முட்டித் திமிறி வயல்பக்கம் பாய்ந்துகொண்டிருந்தது. கை வலிக்கிற வரை பிடித்திருந்துவிட்டுக் காதில் வைத்தாள்.

"புள்ள, மொளி நனையுது."

"எந்தக் காலு மாமா?"

"போன காலுதான். சில்லுன்னு இருக்கு." பிறகு, "தியாகராசன்கிட்டச் சொல்லு. மொத நாளு பாதிக்கு மேல தெறக்கக் கூடாது. பஞ்சநதம் ஐயா நாத்தங்காலுக்குக் கால்ல அளந்து விடச் சொல்லு. போன வருசம் அழுவுனது எலி வளையால இல்ல, என் காலாலதான்னும் சொல்லிடு."

அவள் அப்படியே சொன்னாள். பஞ்சநதம் தலையைக் குனிந்துகொண்டார்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஐயாவுவைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நாலு கிலோ தண்ணீரை எடுத்திருந்தார்களாம், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஹமீதா பானு ரொம்பத் திட்டினாள் என்று சாமிதுரை சொன்னான். இன்னொரு தடவை இப்படி விட்டால் எழுந்து வர மாட்டார் என்றும் சொல்லியிருக்கிறாள். கட்டிலில் படுக்கவைத்துவிட்டுக் காளியம்மாள் பாட்டிலை நிரப்பிக்கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

அவர் உதடு வெடித்திருந்தது. பாட்டிலைப் பார்த்தார்.

"கறுப்பு நூல் வரைக்கும் வச்சிருக்க."

"ஆமா. நீதான் குடிக்கலையே."

"குடிச்சேனே."

காளியம்மாள் அவரைப் பார்த்தாள்.

"முதல் கை என்னோடது புள்ள. ஒன் வாயால குடிச்சேன். வெள்ள நூலுக்கு எறக்கு."

"தொண்ட காஞ்சு கெடக்கு மாமா. இன்னிக்கு இருந்துட்டுப் போவட்டும்."

"கழிக்கலன்னா நான் குடிக்கலன்னு ஆயிடும்," என்றார்.

அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி கொஞ்சம் சாய்த்து, மண்ணில் ஊற்றினாள். கண் மறைத்ததால் மட்டம் சரியாகத் தெரியவில்லை, துடைத்துக்கொண்டு பார்த்தாள். உள்ளே கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தாள். ஐயாவு கழுத்தைத் திருப்பி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தண்ணீர் வெள்ளை நூலில் நின்றது.

"அடச்சுடு," என்றார். அவள் பாட்டிலின் மூடியைத் திருகினாள்.